டேங்க் நிறையும் வரை

அந்த நெடுஞ்சாலையில் ஓடுகிற லாரிக்காரர்கள் எல்லோருக்கும் அவர் காத்தண்ணன்தான். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. டயர் பஞ்சராகி நடுவழியில் நிற்பவர் போன் போட்டால், வெள்ளை நிறம் பாதி உதிர்ந்த பழைய பிக்கப் ஒன்று வந்து நிற்கும். பின்பக்கத்தில் கம்ப்ரசர், ஜாக்கி, ஒட்டுப் போடும் சாமான்கள். வண்டி நின்றதும் அவர் இந்தப் பக்கம் இறங்குவார், அவர் மனைவி அந்தப் பக்கத்திலிருந்து நகர்ந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் வந்து உட்காருவாள். அது ஏன் என்று புது ஆட்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். பழைய ஆட்கள் கண்டுகொள்ள மாட்டார்கள்.

விஷயம் இதுதான். அந்தக் கம்ப்ரசருக்குச் சொந்தமாக இன்ஜின் கிடையாது. பிக்கப்பின் பேட்டரியிலிருந்து, விரல் தடிமனில் இரண்டு கேபிள்களைக் கிளிப் போட்டு மாட்டி, அதில் வருகிற கரண்டில்தான் ஓட வேண்டும். கரண்டைக் குடிப்பதில் அது சரியான பகாசுரன். வண்டியின் இன்ஜின் சும்மா முனகிக்கொண்டிருந்தால் பேட்டரி கொஞ்ச நேரத்தில் காலியாகிவிடும். அதனால் கம்ப்ரசர் ஓடுகிற நேரமெல்லாம் ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை அளவாக மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். குறைத்து மிதித்தால் கம்ப்ரசர் மூச்சு வாங்கும். கூட்டி மிதித்தால் டீசல் வீணாகும், புகை கக்கும். அந்த அளவு தெரிந்த கால் அவளுடையது. கல்யாணமாகி மூத்தவள் பிறப்பதற்கு முன்பே அவள் அந்த சீட்டில் ஏறிவிட்டாள். நடுவில் பிள்ளைப்பேற்றுக்கு இறங்கியதோடு சரி.

அண்ணன் கையில் காற்று, அக்கா காலில் கரண்டு என்று லாரிக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவளுக்கு அதைக் கேட்டால் உச்சி குளிர்ந்துவிடும். ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டாள்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. லாரி டயருக்குக் காற்று அடிப்பதென்றால் முதலில் கம்ப்ரசரின் டேங்க் நிறைய வேண்டும். அது சின்ன கம்ப்ரசர், நிதானமாகத்தான் நிறையும். அது வரைக்கும் அவருக்கு வேலை இல்லை. வெளியே நின்றால் வெயிலும் புகையும் இரைச்சலும். அதனால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அவள் பக்கத்தில் உட்காருவார். ஒரு நாளைக்கு எத்தனை டயரோ அத்தனை தடவை. அவர்கள் குடும்பத்தில் உருப்படியாகப் பேசி முடிவெடுத்த சமாசாரம் எல்லாம் அங்கேதான் நடந்தது. மகளைப் பெண் கேட்டு வந்தவன் தன் அம்மா பேச்சை மட்டும் கேட்கிறவனா, பெண்டாட்டி பேச்சையும் கேட்பானா என்று அலசியது அங்கே. வீட்டுக்கு இன்னொரு அறை கட்டுவதா வேண்டாமா என்று முட்டிக்கொண்டது அங்கே. அவர் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, யாருக்கும் தெரியாமல் அவர் மூக்கைச் சிந்தியதும் அங்கேதான். வீட்டில் ஒரே ஆள் நடமாட்டம். அந்த சீட்டில் மட்டும்தான் அவர்கள் இரண்டு பேர்.

இந்த ஒரு வருஷமாக அவர் பேச்சு குறைந்து போயிருந்தது. அவள் மூச்சுவிடாமல் பேசுவாள், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு "ஆமா" என்பார். கொஞ்சம் போனால் "பாத்துக்கலாம்" என்பார். வயதாகிறது, சலிப்பு தட்டியிருக்கும் என்று அவளே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். தன் பேச்சில் சலிப்பு தட்டுகிறதோ என்ற நினைப்பும் வராமல் இல்லை. வந்ததை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

ஒரு மத்தியான நேரம். டேங்க் நிறைந்துகொண்டிருந்தது. முந்தின நாள்தான் மகள் போன் செய்து, போதும் அம்மா, இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்று ஒரு பாட்டம் அழுதிருந்தாள். அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தாள். சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு என்ன ஆனதோ, நெஞ்சில் இருந்தது எல்லாம் பொலபொலவென்று வந்துவிட்டது.

"எனக்கு மக வீடும் வேணாம், எந்த வீடும் வேணாம். எனக்குப் புடிச்ச எடம் இந்த சீட்டுதான். உங்க பக்கத்துல இப்படி உக்காந்திருக்கேன் பாருங்க, இதுதான். போற வரைக்கும் இப்படியே இருந்துட்டா எனக்கு அது போதும்."

சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. வெட்கத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவள் வாயைத் திறந்து சொன்னதில்லை. இன்ஜின் சத்தம் கூடவே இருந்ததால்தான் அன்றைக்கும் அந்தத் தைரியம் வந்தது. அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கண்ணும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள் முழங்காலை மெதுவாகத் தட்டிக்கொடுத்தார். "பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. அந்த ஒரு தட்டுக்காக நாலைந்து நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தாள். மருமகனிடம்கூட போனில் சிரித்துப் பேசினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் அவர் வண்டியை அவள் தம்பியின் பட்டறையில் விட்டார். தம்பி வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவன். வண்டி திரும்பி வந்தபோது டாஷ்போர்டுக்குக் கீழே புதிதாக ஒரு கைப்பிடி முளைத்திருந்தது. அதிலிருந்து ஒரு கேபிள் ஆக்சிலேட்டருக்குப் போனது. இழுத்து விட்டால் இன்ஜின் அதே வேகத்தில் நிற்கும், யாரும் மிதிக்க வேண்டாம்.

"இனிமே நீ வர வேணாம்," என்றார் அவர். "வீட்டுல இரு."

 அவர் சிரிக்கிறாரா என்று அவள் பார்த்தாள், இல்லை. ஏதோ பெரிய பரிசைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார். சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கழுவி வைத்த பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவினாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும், முழங்கால் வலி என்று அவள் புலம்பாத நாள் இல்லை. ஏறும்போது ஒரு "அம்மா", இறங்கும்போது ஒரு "அய்யோ". ஆனால் சிலருக்குப் புலம்பல் என்பது மூச்சு விடுகிற மாதிரி. அதை வைத்து யாராவது வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்களா? அதுவும் அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு? அவள் மனசைத் திறந்து காட்டினாள். அவர் ஒரு கைப்பிடியைச் செய்து அவள் இடத்தில் மாட்டிவிட்டார். அவளுக்கு வந்த பதில் அதுதான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பக்கத்திலேயே இருக்கிறேன் என்று போய் நின்று, வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட அவமானம் அவளுக்கு. வெளியில் சொல்ல முடியாது. சொன்னால் உலகம் சிரிக்கும், இந்த வயதில் இது ஒரு குறையா என்று.

அப்பா உனக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார் என்று மகள் போனில் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். இவள் உம் கொட்டினாள். பகல் முழுவதும் வீட்டில் கை ஒடிந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். அலமாரியில் டப்பாக்களை இடம் மாற்றினாள், பிறகு பழையபடியே வைத்தாள். சாயங்காலம் அவர் வருவார், குளிப்பார், டிவியைப் போடுவார். அதுவும் தெருமுனை வரை கேட்கிற சத்தத்தில். நான் பேசிவிடக் கூடாது என்றுதானே இந்தச் சத்தம் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவளும் பேச்சை நிறுத்தினாள். அவர் நடுநடுவே அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் சுவரைப் பார்ப்பாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் முற்பகலில் தம்பி வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தான். மாமாவின் வண்டி நடுவழியில் நின்றுவிட்டதாம். பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டதாம், என் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு உயிர் கொடுக்கப் போகிறேன், சும்மாதானே இருக்கிறாய், நீயும் வா என்றான். சும்மாதானே என்ற வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

போகிற வழியில் என்ன நடந்தது என்று கேட்டாள். பெரிதாக ஒன்றுமில்லை என்றான். தான் மாட்டிய கைப்பிடி கேபிள் கொஞ்சம் வழுக்கியிருக்கிறது. இன்ஜின் வேகம் இறங்கி, பாரம் தாங்காமல் நின்றுவிட்டது. ஆனால் கம்ப்ரசர் மட்டும் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தான்.

"இன்ஜின் நின்னதே மாமாவுக்குத் தெரியலையாம்க்கா. பக்கத்துலயேதான் இருந்திருக்காரு. லாரிக்காரர் வந்து சொன்ன பெறகுதான் பாத்தாராம்."

அவளுக்குப் பொறி தட்டியது.

அந்த மனுஷரையா சொல்கிறான்? ஓடுகிற வண்டியில் எந்தச் சக்கரத்தில் காற்று குறைச்சல் என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவர். அவள் கால் அசந்து கொஞ்சம் தளர்ந்தால் போதும், அங்கேயிருந்தே நிமிர்ந்து பார்ப்பார். அவருக்கா இன்ஜின் நின்றது தெரியவில்லை? ஒரு வருஷத்து "ஆமா"வும் "பாத்துக்கலாம்"உம் அவள் முன்னால் வரிசையாக வந்து நின்றன. கூடவே தெருமுனை வரை கேட்கிற டிவியும்.  வந்தது கோபமா பயமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அங்கே போனபோது லாரி ஓரமாக நின்றிருந்தது. பின்சக்கரத்தில் ஒன்றைக் கழற்றிக் கீழே போட்டிருந்தார்கள். லாரிக்காரர் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். பிக்கப்பின் பானட் திறந்திருந்தது. காத்தண்ணன் வண்டிக்குள், எப்போதும் உட்காருகிற அந்தப் பக்கத்து சீட்டிலேயே தலையைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங் பக்கம் காலியாக இருந்தது. தனியாக வேலைக்கு வருகிறவர் எதற்காக இங்கே உட்காருகிறார் என்று அவள் ஒரு நொடி யோசித்தாள்.

தம்பி தன் காரை மூக்கோடு மூக்காக நிறுத்தி, கேபிள்களை மாட்டினான். கொஞ்ச நேரம் சார்ஜ் ஏறட்டும் என்று சொல்லிவிட்டு லாரிக்காரரிடம் பேச்சுக் கொடுக்கப் போனான். அவள் ஸ்டியரிங் பக்கம் ஏறி உட்கார்ந்தாள். அவர் திரும்பிப் பார்த்து அசடு வழியச் சிரித்தார். எதிரே காரின் இன்ஜின் மட்டும் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

அவள் தன் பக்கத்து ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சாதாரணக் குரலில், அவருடைய சட்டையில் பொத்தான் அறுந்து தொங்குகிறது என்றாள். பதில் இல்லை. அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேன், வீடு எரிந்துகொண்டிருக்கும் என்றாள். அவர் நிம்மதியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பி, அவர் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"எவ்வளவு நாளா காது கேக்கல?"

அவள் முகத்தைப் பார்த்ததுமே, மாட்டிக்கொண்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முதலில் பூசி மெழுகப் பார்த்தார். அப்படியெல்லாம் இல்லை, கொஞ்சம் மந்தம்தான், இன்ஜின் ஓடினால்தான் கேட்பதில்லை என்றார். அவள் முகவாயை விடவில்லை. கடைசியில் ஒரு வருஷத்துக்கு மேலே இருக்கும் என்று ஒப்புக்கொண்டார். வண்டிக்குள் அவள் பேசியதில் ஒரு வார்த்தைகூட இந்த ஒரு வருஷத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

"அப்பறம் எதுக்கு ஒவ்வொரு தடவையும் வந்து வந்து உக்காந்தீங்க?" என்று அவள் குரலை உயர்த்திக் கேட்டாள்.

"நீ பேசறதப் பாக்கத்தான்," என்றார். "கேக்கலன்னு சொன்னா நீ பேசறத நிறுத்திடுவ. அந்தப் பயம்தான்."

 ஆனாலும் அவள் விடுகிற ஆள் இல்லை. அப்படி ஆசையாகப் பார்த்தவர், அன்றைக்கு அவள் அதைச் சொன்ன பிறகு, ஏன் இறக்கிவிட்டார்? எதைச் சொன்ன பிறகு என்று அவர் விழித்தார். அன்றைக்குத்தான், மகள் போன் செய்த மறுநாள், இதே சீட்டில் என்று அவள் சீட்டைத் தட்டித் தட்டிச் சொன்னாள். அவருக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

"நீ அழுதுக்கிட்டே முட்டியத் தேச்சுக்கிட்டுச் சொன்னே. வலி தாங்கல, இனிமே என்னால முடியாது, விட்டுடுங்கன்னு நீ சொல்றதா நெனச்சேன். இத்தன வருஷமா உன்ன வெயில்லயும் பொகையிலயும் உக்கார வெச்சது போதும்னு தோணுச்சு. எனக்கு நீ பக்கத்துல வேணும்தான். அதுக்காக உன்னக் கஷ்டப்படுத்த முடியுமா?"

அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சுவரைப் பார்த்துப் பார்த்து அவள் வீணாக்கின சாயங்காலங்களை நினைத்தால் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அவர் பதறிப்போய் அவள் முதுகைத் தடவினார். அப்படியானால் அன்றைக்கு என்னதான் சொன்னாய் என்று கேட்டார்.

இப்போது வந்தது சோதனை. அன்றைக்கு இன்ஜின் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு சொன்னாள். இன்றைக்கு ஒளிய இடமில்லை. அவருக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும். ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது. கூப்பிடு தூரத்தில் கூடப் பிறந்த தம்பி நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத லாரிக்காரர். அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்று கையைக் காட்டினாள். அவர் தலையாட்டினார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தாள். ஒரு வருஷமாக அவள் பேசுவதை வெறுமனே பார்த்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருந்த முகம். இந்த மனுஷரை இன்னும் ஒரு நாழிகைகூடக் காக்க வைக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் அவர் காதைத் தன் பக்கம் இழுத்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"எனக்குப் புடிச்ச எடம் உங்க பக்கத்து சீட்டுதான்னு சொன்னேன்! சாகற வரைக்கும் இறங்க மாட்டேன்னு சொன்னேன்! கேட்டுச்சா?"

தம்பி பாதிப் பேச்சில் நின்றுபோனான். அப்புறம் என்ன நினைத்தானோ, சரியாக இருந்த கேபிள் கிளிப்பைக் குனிந்து மறுபடி மறுபடி அழுத்தினான். லாரிக்காரர் தான் உட்கார்ந்திருந்த டயரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவளுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. இருந்தாலும் தலையைக் குனியவில்லை.

அவருக்குக் கேட்டுவிட்டது.  பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மற்ற யாருக்கும் கேட்கக் கூடாது என்று அவள் காதருகே குனிந்து ரகசியம் சொன்னார். காது கேட்காதவரின் ரகசியம் அது. சாலையின் அந்தப் பக்கம் நடந்து போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப நான் எதுக்குடி இத்தன நாளா, டேங்க் நிறையற வரைக்கும் இங்க தனியா உக்காந்து அழுதேன்?"

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நாளைக்குக் காலையில் முதல் வேலையாகக் காது டாக்டரிடம் போக வேண்டும், அந்தக் கைப்பிடி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், முழங்காலுக்கு நல்லதுதான், ஆனால் அதை இழுக்கிற கை தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக, வாயை நன்றாகத் திறந்து, அவர் பார்க்கும்படி சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வெளியே லாரிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்கு அவசரம் ஒன்றும் இல்லை, நிதானமாக வேலையை ஆரம்பித்தால் போதும் என்றார். காத்தண்ணனுக்கு அது கேட்கவில்லை. அவள்தான் சரி என்று தலையாட்டினாள்.